களைக்காத மனிதர்

மனிதர்களில் களைக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள். உங்கள் வீட்டுக் கலியாணப் படத்தில் தேடுங்கள். நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர் அவர்தான். அவருக்குக் காய்ச்சல் வராது. வந்தாலும் அது உடம்பில் சும்மா ஒரு சூடு. பல் வலிக்காது, கன்னம் வீங்கியிருந்தால் அது வெளிச்சம் விழுகிற கோணம். ஹட்டன் புகையிரத நிலையத்துப் படிகளில் இரண்டு கைகளிலும் பெட்டிகளோடு ஏறுவார். உதவிக்கு யாராவது கை நீட்டினால் முறைப்பார். பாதிப் படியில் பெட்டிகளை வைத்துவிட்டுத் திரும்பி நின்று, இந்த ஸ்டேஷனை வெள்ளைக்காரன் எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறான் என்று உங்களுக்கு விளக்கத் தொடங்குவார். நீங்கள் நின்று கேட்க வேண்டும். கேட்காமல் மேலே ஏறிவிட்டீர்களென்றால் அவருடைய கட்டடக்கலை ஆர்வம் புண்படும், மூச்சும் நின்றுவிடும்.

களைப்பு என்பது மற்றவர்களுக்கு வருவது. இதுதான் இவர்களுடைய மதம். தான் உட்கார வேண்டுமென்றால், "நீங்கள் களைச்சுப் போனீங்கள், கொஞ்சம் இருப்பம்" என்பார்கள். எவ்வளவு கருணை, பார்த்தீர்களா?

இந்த இனத்தில் ஒருவரை உங்களுக்குக் கிட்டத்தில் காட்ட வேண்டும். நுவரெலியாவில் இருந்த துரைராசாவைக் காட்டுகிறேன். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. யாழ்ப்பாணத்தில் அவர் பிறந்த ஊர் தோசைக்கல்லைப் போலத் தட்டையானது; அங்கே கோயில் கோபுரத்தைவிட உயரமான எதையும் அவர் கண்டதில்லை. எழுபதுகளில் மலைநாட்டுக்கு மாற்றலாகி வந்தார், ஒரு வருடத்தில் திரும்பிப் போவதாகச் சொன்னார், போகவில்லை. சண்டை தொடங்கிய பிறகு போக நினைக்கவும் முடியவில்லை. அந்த முப்பது வருடத்தில் அவர் ஒரு நாளாவது சுகயீன விடுமுறை எடுத்ததில்லை என்பது கல்விக் கந்தோர் முழுவதும் தெரிந்த விஷயம். சளிக்காய்ச்சலோடு வந்து கந்தோரில் பாதிப் பேருக்குப் பரப்பிவிட்டுப் போனார் என்பதும் தெரிந்த விஷயந்தான், ஆனால் அதை யாரும் பிரியாவிடை உரையில் சேர்க்கவில்லை.

அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி தபால் கந்தோரில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். கடிதத்தைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்கிற பழக்கம் அவளுக்கு அங்கேயே வந்துவிட்டது. புருஷனையும் அப்படித்தான் வாசித்தாள். அவருக்குத் தலையிடித்தால் வீட்டில் மற்ற எல்லோருக்கும் தலையிடி இருக்கிறதா என்று விசாரிப்பார். அவருக்குக் காய்ச்சல் என்றால் அவளுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பார். மற்ற நாட்களில் அவர் கனிவான மனிதர் அல்ல. ஆகையால் அவர் கனிவாகப் பேசத் தொடங்கினால் தெர்மாமீற்றரைத் தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

அது 2004ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணப் பாதை திறந்து, எல்லோரும் எங்கேயாவது போய்க்கொண்டிருந்த காலம். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துச் சைவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஆனி மாதம் கைலாச மலைக்குப் போவதென்று தீர்மானித்தார்கள். நேபாளம் வழியாகத் திபெத்துக்குப் போய், மலையைச் சுற்றி நடந்து, கிளிகூடப் பறக்காத உயரத்தில் ஒரு கணவாயைக் கடந்து திரும்ப வேண்டும். குழுவுக்குத் துரைராசா தலைவர். யார் தெரிவு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். களைக்காதவர்களை யாரும் தெரிவு செய்வதில்லை. மற்றவர்கள் வந்து சேரும்போதே அவர்கள் நாற்காலியில் இருப்பார்கள்.

குழுவில் மயூரதன் என்ற இளம் டொக்டர் இருந்தார். முந்தி ஒரு தடவை வேறொரு குழுவோடு வைத்தியராகப் போய்வந்தவர். அந்தப் பயணத்தில் திடகாத்திரமான ஒரு மனிதர் இரண்டு நாள் தலையிடியை ஒளித்து வைத்திருந்து, மூன்றாம் நாள் கூடாரத்துக்குள்ளேயே செத்துப்போனாராம். கடைசி வரைக்கும் தனக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னாராம். அதனால் புறப்படுவதற்கு முன்பு எல்லோரும் ஒருநாள் சேர்ந்து மலையேறிப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் பிடிவாதமாக நின்றார். டயகமவிலிருந்து தேயிலைக்குள்ளால் ஏறி, காட்டைக் கடந்து, ஹோர்ட்டன் சமவெளியின் விளிம்பு வரைக்கும் போய்த் திரும்புவது ஏற்பாடு. இந்த உயரமெல்லாம் நமக்கு ஒரு உயரமா, இங்கேதானே குடியிருக்கிறோம், இதில் உடம்பு என்ன பழகப் போகிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"உடம்பு பழகாது" என்றார் டொக்டர். "பழக வேண்டியது வாய். தலையிடிச்சால் இடிக்குது, களைச்சால் களைக்குது எண்டு உடனை சொல்லிப் பழக வேணும். சொல்லுற ஆளை ஒருத்தரும் கழிச்சு விடக்கூடாது. அது மட்டுந்தான் சட்டம்."

முதலில் கைதட்டியவர் துரைராசா. தட்டியதோடு விடவில்லை. எழுந்து, டொக்டர் ஒரு நிமிடத்தில் சொன்னதை விரிவாக்கி, உண்மை பேசுவதன் மகிமை பற்றிக் கூட்டத்தை இருட்டும் வரைக்கும் வைத்திருந்தார்.

மலையேறுகிற அன்று விடியற்காலை, துரைராசா தானே எழும்பி மனைவிக்குக் கோப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நித்திரை போதுமோ என்று வேறு கேட்டார். ஜெகதீஸ்வரி கோப்பியைக் கீழே வைத்தாள். அவருக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். தனக்கென்ன, குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறேன் என்றார். இடது கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் விட்டபடி, வாசலில் வந்து நின்ற வாடகை வானில் ஏறினார். அவள் டொக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால், சட்டம் என்னவாக இருந்தாலும், அவரைக் கழித்துவிடுவார்கள். அவர் போகாத இடத்துக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. அந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று அவள் எவ்வளவு காலம் ஆசைப்பட்டாள் என்பது அவருக்குத் தெரியாது, அவர் கேட்டதில்லை.

டயகமவில் வானை விட்டிறங்கி ஏறத் தொடங்கினார்கள். முதல் மேடு முடியுமுன்பே துரைராசா நின்றார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது எப்படி, அதை ஏன் இத்தனை வருடத்துக்கு ஒருமுறை தரையோடு தரையாக வெட்டுகிறார்கள் என்பதைப் பழனியாண்டிக்கு விளக்கினார். பழனியாண்டி தலவாக்கலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். அவருடைய தகப்பன், பாட்டன், முப்பாட்டன் எல்லோரும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்கள். துரைராசா சொன்னதில் பாதி பிழை. ஆனால் பழனியாண்டி ஒரு பிழையையும் திருத்தவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, அப்படியா அப்படியா என்று கேட்டார். அவரும் அதே இனம். இவர்கள் சங்கம் வைப்பதில்லை, சந்தா கட்டுவதில்லை, ஆனாலும் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை. துரைராசா முடித்ததும் பழனியாண்டி சந்தேகம் கேட்டார். துரைராசா அதற்கும் விளக்கம் சொன்னார். நாலு சுவாசம் லாபம்.

அடுத்த மேட்டில் ஒரு குருவி. அதற்கடுத்ததில் பழைய துரைமாருடைய பங்களா எங்கே இருந்தது என்ற ஆராய்ச்சி. அதற்கடுத்த மேட்டில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தபோது, சண்முகவடிவு டீச்சர் கடவுள் மாதிரி வாயைத் திறந்தார்.

"டொக்டர், எனக்கு மூச்சு வாங்குதுங்க. கொஞ்சம் நின்னுட்டுப் போவோம்."

டீச்சர் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறவர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பிரஜாவுரிமைக்காக இரண்டு தலைமுறை கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிய குடும்பத்தில், பாஸ்போட் எடுத்த முதல் ஆள். டொக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம். இதுதான் வேணும், இதைத்தான் சொன்னேன் என்று பாராட்டி, நாடி பார்த்து, ஒன்றுமில்லை, ஆறுதலாக நடந்தால் போதும் என்றார். மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்காகத்தான். எவ்வளவு வேகமாக உட்கார்ந்தார்கள் என்கிறீர்கள்!

துரைராசாவுக்குக் குருவியும் பங்களாவும் இனிமேல் தேவைப்படவில்லை. தனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் திரும்பி நின்று, "ரீச்சர், களைக்குதோ?" என்று கேட்டார். டீச்சர் களைத்தபோது ஆமாம் என்றார். களைக்காதபோது இல்லை என்றார். இல்லை என்றபோது, வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லித் துரைராசா எல்லோரையும் இருத்தினார். காட்டுக்குள் நுழைந்த பிறகு இந்தக் கேள்வி நூறு அடிக்கு ஒரு தடவை வந்தது. ரீச்சர் பாவம், அவவுக்கு ஏலாமல் கிடக்கு, அவவைப் பார்த்து நடவுங்கோ என்று முன்னுக்கும் பின்னுக்கும் செய்தி போனது. மத்தியானமாகிறபோது, குழுவில் சுகமில்லாத வருத்தக்காரர் யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

ஜெகதீஸ்வரி மட்டும் புருஷனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். காட்டுக் குளிரில் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. சாப்பாட்டுக்கு இருந்தபோது ரொட்டியையும் சம்பலையும் மற்றவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்து, நீரும் சாப்பிடும், நல்லாக் களைச்சுப் போனீர் என்றார். குரலில் அப்படி ஒரு பரிவு. 

அந்த நேரம் பார்த்து, பின்னால் வந்த ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதென்று டொக்டர் கீழே இறங்கிப் போயிருந்தார். டொக்டர் இல்லாத இடைவேளையைத் துரைராசா வீணாக்கவில்லை. விழுந்து கிடந்த மரமொன்றில் அமர்ந்தபடி கூட்டத்தைத் தொடக்கினார். தனக்கு இதைச் சொல்ல மனமில்லை என்றும், ஆனால் தலைவர் என்ற பொறுப்பு இருக்கிறதென்றும், இந்தச் சின்ன மலையிலேயே இப்படி என்றால் அந்தப் பெரிய மலையில் என்ன ஆகும் என்றும், ஒருவரால் மற்ற எல்லோருக்கும் பாரம் என்றும், ஆகையால் சண்முகவடிவு டீச்சரை இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றும் சொன்னார். சொல்லும்போது இரண்டு இடத்தில் மூச்சு எடுக்க நிறுத்தினார். கேட்டவர்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பழனியாண்டி ஆமோதித்தார். காலையிலிருந்து டீச்சருடைய பேரில் ஒவ்வொரு கல்லிலும் உட்கார்ந்து வந்த அதே பழனியாண்டி. மற்றவர்கள் மரக்கிளைகளில் பாசி எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தார்கள். அதைவிட அழகான பாசியை அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை போலிருந்தது.

டீச்சர் சாப்பாடு சுற்றி வந்த கடதாசியைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். பிறகு, சண்டை பிடிக்கிற குரலில் இல்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னார்:

"சொல்லச் சொன்னாங்க, சொன்னேன் சேர். இனிமே சொல்லலைங்க. எனக்கு ஒன்னுமில்லை. என்னையும் கூட்டிட்டுப் போங்க."

ஜெகதீஸ்வரிக்கு இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தன் வீட்டில் வருடக்கணக்காகக் கேட்ட ஒரு வசனத்தை இன்னொரு வாய் இப்போதுதான் படித்துக்கொள்கிறது. படிப்பித்தவர் தன் புருஷன். அந்த வாய் இதே வசனத்தைத் திபெத்தில் போய்ச் சொல்லும். தன் புருஷனுடைய வாயும் சொல்லும். யாரோ ஒருவர் கூடாரத்துக்குள் கிடப்பார். அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே டொக்டர் மேலே ஏறி வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"டொக்டர், ரீச்சருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இவருக்குத்தான் நெஞ்சு நோகுது. விடியவே தொடங்கிட்டுது. எனக்குத் தெரியும். நான் சொல்லேல்லை."

துரைராசா சிரித்தார். இவவுக்கு நடந்து பழக்கமில்லை, களைப்பில் என்னவோ கதைக்கிறா என்று டொக்டருக்கு விளங்கப்படுத்தினார். விளங்கப்படுத்தியது போதாதென்று எழுந்து, பாதையில் விறுவிறுவென்று நாலைந்து அடி மேலே ஏறிக் காட்டி, திரும்பி நின்று, கையை நீட்டி, "அங்க பாருங்கோ" என்றார்.

எல்லோரும் பார்த்தார்கள். அவர் காட்டிய திசையில் மூடுபனியைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் பாதையில் உட்கார்ந்திருந்தார்.

டொக்டர் ஓடிப் போய் வாய்க்குள் ஒரு குளிசையைத் திணித்துச் சப்பச் சொன்னார். இனி ஒரு அடிகூட நடக்கக் கூடாதென்றார். காட்டு விளிம்புத் தேயிலையில் புல்லு வெட்டிக்கொண்டிருந்து, கூப்பிட ஆள் போனதும் ஓடி வந்த நல்லமுத்து, சோலைமலை என்ற இருவரும் இன்னும் சிலரும் கம்பையும் சாக்கையும் கொண்டு ஒரு தூக்குப் படுக்கை கட்டினார்கள். அதில் கிடத்தித் தோளில் வைத்து இறக்கினார்கள். ஜெகதீஸ்வரி பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாகப் போனாள். அவருடைய முகம் சாம்பல் நிறமாக இருந்தது. உதடு நீலம். அந்த நிலையிலும், வழுக்குப் பாதையில் தன்னைச் சுமந்துகொண்டிருந்த நல்லமுத்துவை அண்ணாந்து பார்த்து, "தம்பி, களைக்குதோ? இறக்கி வைச்சிட்டு இருங்கோ" என்றார்.

"ஆமாங்க ஐயா" என்றார் நல்லமுத்து, நடையை நிறுத்தாமல். "ஆளு நல்ல கனம்."

ஜெகதீஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். துரைராசா வாய்வு என்றார். நேரத்தோடு கொண்டுவந்திருக்காவிட்டால் ஆள் தப்பியிருக்காது என்றார்கள். காலையில் தானும் அந்தக் கோப்பியைக் குடித்திருக்கக் கூடாது என்றார். வார்ட்டில் பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன வருத்தம், அவர் என்ன சாப்பிட வேண்டும், எப்படிப் படுக்க வேண்டும் என்பதையெல்லாம் இரண்டாம் நாளே பொறுப்பெடுத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்கள் அன்று என்ன நடந்தது என்று கேட்டால், சண்முகவடிவு டீச்சருக்கு ஏலாமல் போனதால் எல்லோரும் பாதியில் திரும்ப வேண்டியதாகிவிட்டது என்றார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். இந்த இனத்துக்குப் பொய் சொல்ல வராது; நடந்ததே அவர்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கும்.

கைலாசம் அவருக்கு இனி இல்லை என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். துரைராசா அதையும் தன் வழியிலேயே ஏற்றுக்கொண்டார். தனக்குப் போவதில் ஒரு தடையும் இல்லை, மனைவிக்குத்தான் அந்த உயரம் ஒத்துவராது, அவவுக்காக நிற்கிறேன் என்று வருவோர் போவோரிடம் சொன்னார். அது பக்கத்து வீட்டுக்காரி வாய்வழியாக ஜெகதீஸ்வரிக்கு வந்து சேர்ந்தது. அன்று மத்தியானம் அவருக்கு மருந்து கொடுத்துவிட்டு, தான் போகப் போவதாகச் சொன்னாள். மகள் மதுரா கொழும்பிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்து அவரோடு நிற்பாள். தான் டீச்சரோடு ஒரே கூடாரத்தில் படுப்பேன் என்றாள். 

"உமக்கு ஏலாது" என்றார்.

"ஏலாட்டிச் சொல்லுவன்" என்றாள்.

சொல்லவும் செய்தாள். மலையடிவார ஊரிலேயே அவளுக்குத் தலை பிளந்தது, சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. டொக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் இதற்கு மேலே வேண்டாம் என்றார். அவள் ஒரு மூச்சு அழுதுவிட்டு அங்கேயே தங்கினாள். மற்றவர்கள் சுற்றி வருகிற வரைக்கும், வெந்நீர்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வெள்ளை மலை வெயிலில் எரிவதையும் பின்னேரம் நீலமாக அணைவதையும் வயிறாரப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் அதைச் சுட்டிக்காட்டி விளக்கம் சொல்லவில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சண்முகவடிவு டீச்சர் களைத்த இடமெல்லாம் சொல்லி, சொன்ன இடமெல்லாம் நின்று, கடைசி ஆளாகக் கணவாயைக் கடந்து சுற்றி வந்தார். பழனியாண்டி சொல்லவில்லை. அவரைப் பாதி வழியில் ஒரு யாக் எருமையின் முதுகில் கட்டி இறக்கினார்கள். அந்த எருமைக்கு மூச்சு வாங்கியதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்று தலவாக்கலையில் இன்றைக்கும் சொல்கிறார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நியாயம் வென்றது என்று நாம் வீட்டுக்குப் போகலாம். அடுத்த வருடம் இன்னொரு குழு புறப்பட்டது. அவர்களுக்கு வழிகாட்டி உரை நிகழ்த்த யாரை அழைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கோயில் மண்டபத்தில் துரைராசா, நாற்காலி வேண்டாம் என்று நின்றபடியே, போகாத கணவாயின் குளிரையும் காணாத மலையின் கம்பீரத்தையும் விவரித்தார். களைத்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அதுதான் வீரம் என்று மேசையில் குத்தி முழங்கினார். பலத்த கைதட்டல். கடைசி வரிசையில் இருந்த ஜெகதீஸ்வரியிடம் புதிதாகப் போக இருக்கும் ஒரு பெண், நீங்களும் மலையைச் சுற்றினீர்களா அம்மா என்று கேட்டாள். தனக்கு ஏலாமல் போய்விட்டது, கீழேயே இருந்துவிட்டேன் என்றாள் ஜெகதீஸ்வரி. அந்தப் பெண் அவளுடைய கையைப் பிடித்து, ஐயோ பாவம் என்றாள். பிறகு மேடையில் நிற்கும் மனிதரை அண்ணாந்து பார்த்தாள். ஜெகதீஸ்வரி பைக்குள்ளிருந்து அவருடைய மாத்திரையை எடுத்து, உரை முடியட்டும் என்று உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இவர்களை எப்படித் திருத்துவது என்று என்னைக் கேட்காதீர்கள். கைதட்டுகிறவர்களைக் கேளுங்கள். உங்களுக்கு இந்த வியாதி இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் உள்ளதை உள்ளபடி சொல்கிறவர். இவ்வளவு நீளத்தையும் ஒரே இருப்பில் வாசித்து முடித்திருக்கிறீர்கள், சாதாரண விஷயமா? நடுவில் ஓரிடத்தில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தீர்களே, அது கண்ணாடியில் தூசி இருந்ததால். அப்படித்தானே?